விற்ற பொருள் திரும்புமா?

கல்வராயன் மலையிலே பிறக்கும் கோமுகி ஆறு கள்ளக்குறிச்சிச் சமவெளியை நோக்கி இறங்கி வருகின்றது. ஆறு இறங்கும் வழியே நெடுங்காலமாக வாணிகமும் நடந்து வந்தது. தேனும் கடுக்காயும் புளியும் சாமையும் மலையினின்று கீழே வந்தன. உப்பும் துணியும் இரும்புக் கருவியும் மேலே சென்றன. அடிவாரத்துச் சந்தைகளில் கொள்வோனும் விற்போனும் நேருக்கு நேர் நின்றனர். மாடு வாங்க வந்த உழவன் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்; சுழி பார்ப்பான்; நாலடி நடக்கவிட்டு, நொண்டுகின்றதா என்று நோக்குவான். துண்டுக்குள்ளே கைவிட்டு, விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். அச்சாரம் கைமாறும். இத்தனையும் செய்த பிறகும் சில வேளைகளில் மாடு ஏரில் படுத்துவிடும். வழக்கு ஊர்ப் பெரியவர்களிடம் வரும். "பார்த்துத்தானே வாங்கினாய்?" என்பான் விற்றவன். "படுக்கும் மாடு என்று நீ சொன்னாயா?" என்பான் வாங்கியவன்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையிலே வாணிகச் சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது என்றால் அது மிகையாகாது.

இன்று அதே அடிவாரத்தில் ஒரு கல்லூரி மாணவன் கைப்பேசித் திரையில் கண்ட படத்தை நம்பிக் காலணி வாங்குகிறான். பல்லைப் பிடித்துப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. விற்பவனுக்கு முகமும் இல்லை. எட்டாம் எண் கேட்டவனுக்கு ஆறாம் எண் வருகின்றது. திருப்பி அனுப்ப விண்ணப்பித்தால், எடுத்துச் செல்ல வருவதாகச் சொன்னவர் வருவதில்லை. வந்து எடுத்துச் சென்றாலோ, பணம் வருவதில்லை. கேட்டால், "திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டது" என்று விடை வருகின்றது. இணையவழி வாணிகத்தின் புதிய தொல்லை இது என்று பலர் கருதுகின்றனர். வழி புதிதே தவிர வழக்கு மிகப் பழையது.

கௌடலீயரின் பொருள் நூல் இதனைத் தனித் தலைப்பிட்டே ஆராய்கின்றது. வாங்கியதையும் விற்றதையும் எண்ணி வருந்துவோர் அதனை மாற்றிக்கொள்ள எத்தனை காலம் தரலாம் என்பது அங்கே கேள்வி. வணிகர்க்கு ஓரிரவு, உழவர்க்கு மூன்று இரவுகள், ஆயர்க்கு ஐந்து இரவுகள் என்று அந்நூல் வகுக்கின்றது. வணிகர்க்கு ஏன் மிகக் குறுகிய காலம்? பண்டத்தை அறிந்தவன் அவனே. அறிந்தவனுக்கு அவகாசம் குறைவு, அறியாதவனுக்கு மிகுதி என்று நாம் பொருள் கொள்ளலாம். விற்றபின் பண்டத்தைக் கொடுக்க மறுப்பவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். வாங்கியபின் ஏற்க மறுப்பவனுக்கும் அதே பன்னிரண்டு பணம். ஆனால், பண்டத்திலே குற்றம் இருந்தாலும், திருடு, தீ, வெள்ளம் போன்ற இடர் நேர்ந்தாலும் தண்டமில்லை.

நாரதர் பெயரால் வழங்கும் நீதி நூல் இன்னும் நுட்பமானது. வாங்கிய அன்றே பண்டத்தைப் பழுதின்றித் திருப்பினால் முழு விலையும் திரும்பும். இரண்டாம் நாள் திருப்பினால் விலையில் முப்பதில் ஒரு பங்கு குறையும். மூன்றாம் நாள் அதனினும் இருமடங்கு குறையும். அதற்குப் பின் பண்டம் வாங்கியவனுடையதே. மனுவின் நூல் பத்து நாள் தருகின்றது. யாக்ஞவல்கியரோ பண்டத்திற்கு ஏற்பச் சோதித்துப் பார்க்கும் காலத்தைப் பிரிக்கிறார்: இரும்புக்கு ஒரு நாள், கறவை மாட்டிற்கு மூன்று நாள், பொதி சுமக்கும் விலங்கிற்கு ஐந்து நாள், மணிகளுக்கு ஏழு நாள், விதைக்குப் பத்து நாள். விதையின் குற்றம் முளைக்காத போதுதான் தெரியும் அல்லவா? இன்றைய இணையக் கடைகள் ஆடைக்கு ஒரு காலமும் மின்கருவிக்கு ஒரு காலமும் வகுப்பதைக் காணும்போது, இந்த முனிவர் நமக்கு அந்நியராகத் தோன்றவில்லை. ஆனால், அதே பட்டியலில் அடிமை ஆடவர்க்கு அரை மாதம் என்றும், பெண்டிர்க்கு ஒரு மாதம் என்றும் காண்கிறோம். மனிதரையும் பண்டமாகக் கருதிய காலம் அது. உரோமாபுரியின் அங்காடி அதிகாரிகள் பிறப்பித்த ஆணையும் அடிமைச் சந்தையிலும் மாட்டுச் சந்தையிலுமே தொடங்கிற்று. விற்போன் குற்றங்களை வாய்திறந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வாங்கியவன் ஆறு மாதத்திற்குள் பண்டத்தைத் திருப்பலாம், அல்லது ஓராண்டிற்குள் விலையைக் குறைக்கக் கேட்கலாம் என்பது அந்த ஆணை. படுக்கும் மாட்டைப் பற்றிய நம் உழவனின் கேள்விக்கு உரோமர் அன்றே விடை கூறிவிட்டனர்.

நம் நாட்டுப் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தாம் கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்ததாகக் கூறுகின்றது. அது நெறி, நீதிமன்றம் அன்று. நெறி தவறினால் என்ன நேரும் என்பதற்குச் சிலம்பின் வழக்கையே சான்றாகக் கொள்ளலாம். விற்கச் சென்ற ஒரு சிலம்பைப் பொற்கொல்லன் பொய் கூறிப் பழித்தான். அரசன் அதனை உடைத்துப் பார்க்கவில்லை. கண்ணகி உடைத்துக் காட்டியபோது உள்ளே இருந்தவை மாணிக்கப் பரல்கள். பண்டத்தைத் திறந்து பாராமல் தீர்ப்புச் சொன்ன வழக்கு, தமிழ் மக்கள் மறவாத வழக்கு.

ஆங்கிலேயர் ஆட்சியோடு வேறொரு கொள்கை வந்து சேர்ந்தது. வாங்குவோனே விழிப்பாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். விற்பவனுக்கு வாய் திறக்கும் கடமை பொதுவாக இல்லை என்று அக்கொள்கை கருதிற்று. 1930-ஆம் ஆண்டின் பண்ட விற்பனைச் சட்டம் இதனை ஏற்றுக்கொண்ட போதிலும், பல வாயில்களைத் திறந்து வைத்தது. வருணனையைக் கொண்டு விற்ற பண்டம் அந்த வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்றது. முன்பு பார்த்திராத பண்டத்தைப் பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்கியவன் அதனை ஏற்றுக்கொண்டதாகக் கருதலாகாது என்றது. படத்தையும் வருணனையையும் மட்டுமே நம்பி வாங்கும் இன்றைய வாணிகத்திற்கு இவ்விரண்டும் எவ்வளவு பொருத்தமானவை என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சட்டத்தின் 43-ஆம் பிரிவு இன்னும் ஒன்று சொல்கின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முகம் காணாத வாணிகம் இந்நாட்டில் இணையத்தோடு பிறக்கவில்லை, அஞ்சலோடு பிறந்தது. அமெரிக்காவில் மாண்ட்கோமரி வார்டு என்பவர் 1872-இல் பட்டியலை அனுப்பி அஞ்சல்வழி விற்கத் தொடங்கினார். 1875-இல், மனநிறைவு இல்லையேல் பணம் திரும்பும் என்று வாக்களித்தார். முகம் தெரியாத உழவர்களிடம் நம்பிக்கை பெற அவருக்கு வேறு வழியில்லை. இந்தியாவில் 1877-இல் வி.பி.பி. என்னும் முறை வந்தது. பண்டம் அஞ்சலில் வரும். வாங்குபவர் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொள்வார். பணம் விற்றவருக்குப் போய்ச் சேரும். கடிகாரம், புத்தகம், தைலம், விதை என்று கடையே இல்லாத சிற்றூர்களுக்கெல்லாம் இம்முறை பண்டங்களைக் கொண்டு சேர்த்தது.

இதிலே ஒரு சிக்கல். பணம் கொடுத்த பிறகுதான் பொட்டலத்தைத் திறக்கலாம். உள்ளே கடிகாரம் இருக்குமா, கல் இருக்குமா என்பது பணம் போன பிறகே தெரியும். 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் இதனை உணர்ந்திருந்தது. உண்மையான வேண்டுகோள் வந்ததன் பேரிலேயே அனுப்புகிறேன் என்று விற்பவர் உறுதி கூற வேண்டும் என்று விதித்தது. மோசடி நிகழ்ந்தால் பணத்தை அஞ்சல் துறையே நிறுத்திவைத்து வாங்கியவருக்குத் திருப்பித் தர விதி செய்வதற்கும் சட்டத்தில் இடமிருந்தது. நடுவே நிற்பவன் வெறும் கூலிக்காரன் அல்லன், பணத்தைத் தடுத்து நிறுத்தவும் வல்லவன் என்னும் கருத்து அன்றே அரும்பிவிட்டது. அந்தச் சட்டம் 2024-ஆம் ஆண்டில் புதிய அஞ்சல் சட்டத்திற்கு இடம் தந்து மறைந்தது. 1972-இல் வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணோ இன்று தனியார் கூரியர்களுக்கும் வழிகாட்டியாகிவிட்டது. கடிதங்களைப் பிரிக்கச் செய்த ஏற்பாடு, உன் ஊருக்குப் பண்டம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

2007-இல் பெங்களூரில் பிலிப்கார்ட் நிறுவனம் புத்தகக் கடையாகத் தொடங்கியது. 2010-இல் பண்டம் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையை அது புகுத்தியபோது புதுமை என்று பாராட்டினர். உண்மையில் அது வி.பி.பி.யின் பேரப்பிள்ளை. தாத்தாவின் குறையும் பேரனுக்கு வந்தது: அங்கும் பணம் கொடுத்தபின்தான் பெட்டியைத் திறக்க முடிந்தது. விலையுயர்ந்த பண்டங்களை வாங்குவோர் முன்னிலையில் திறந்து காட்டும் வழக்கம் பின்னரே சில நிறுவனங்களில் வந்தது.

கடைக்காரனின் சிற்றெழுத்துகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்னும் வாசகத்தை ரசீதில் அச்சிடாத கடை ஒருகாலத்தில் அரிது. அச்சிட்டுவிட்டால் அது சட்டமாகிவிடுமா? 1965-இல் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. லில்லி ஒயிட் என்னும் சலவை நிலையத்தில் போட்ட புதுச் சேலை தொலைந்து போயிற்று. சேலையின் சந்தை விலையில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குமேல் தரமாட்டோம் என்று ரசீதின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நீதிமன்றம் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. அது பொதுநலக் கொள்கைக்கு முரணானது என்றது. ஒரு சேலை வழக்குத்தானே என்று எண்ண வேண்டா. பதினைந்து பங்கு கொடுத்துவிட்டுச் சேலையையே தனதாக்கிக்கொள்ள ஒரு சலவைக்காரனுக்கு அந்த நிபந்தனை வழி திறந்திருக்கும். இன்று திரையில் ஓடும் நீண்ட நிபந்தனைகளுக்கு முன்னே அமர்ந்து, படியாமலே "ஒப்புக்கொள்கிறேன்" என்று விரலால் தொடும் நமக்கு அந்தத் தீர்ப்பு ஓர் ஆறுதல்.

அடுத்து எழுவது, வழக்கை எந்த ஊரில் தொடுப்பது என்னும் கேள்வி. கல்வராயன் மலைத்தொடரின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தச் சேலத்து வணிக நிறுவனம் ஒன்று 1974-இல் குசராத்திலுள்ள ஓர் ஆலையிடம் உலோக இழை வாங்க ஒப்பந்தம் செய்தது. சரக்குப் பற்றித் தகராறு எழுந்தது. கொடுத்த முன்பணத்தில் எஞ்சிய 1,63,240 ரூபாயையும் இழப்பீட்டையும் கேட்டு, 1975-இல் சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஆலையோ, தகராறு எழுந்தால் அது கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று தன் தாளில் அச்சிட்டிருப்பதைக் காட்டியது. சேலத்து நீதிமன்றம் வழக்கைத் தனக்கு உரியதன்று என்றது. சென்னை உயர்நீதிமன்றம் உரியதே என்றது. 1989-இல் உச்சநீதிமன்றம், அங்கு "மட்டும்" என்னும் சொல்லோ அது போன்ற விலக்குச் சொல்லோ இல்லாமையால் சேலத்தில் வழக்காடலாம் என்று முடித்தது. பணம் திரும்புமா என்பதை அப்போது யாரும் தீர்க்கவில்லை. எந்த ஊரில் கேட்பது என்பதைத் தீர்ப்பதற்கே பதினான்கு ஆண்டுகள் ஆயின! வணிக நிறுவனத்திற்கே இந்தப் பாடு என்றால், முந்நூறு ரூபாய்க் காலணிக்கு அலைபவன் என்ன செய்வான்?

நுகர்வோர் தாமே கூடிக் கடை வைத்துக்கொள்வது ஒரு விடையாயிற்று. 1904-இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அதன் முன்னோடி. சட்டம் என்னும் விடை நெடுநாள் கழித்தே வந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடையும் அளவும் நாடெங்கும் ஒரே தரமாயின. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வழக்குரைஞர் இல்லாமலே எளிய மனிதன் மாவட்ட மன்றத்தில் முறையிடலாம் என்றாயிற்று. எனினும் எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ, வழக்கிற்குக் காரணமான செயல் நிகழ்ந்த இடத்திலோதான் முறையிட வேண்டும். 1993 வரை கள்ளக்குறிச்சிக்கு மாவட்டத் தலைநகர் கடலூர், பின்பு விழுப்புரம், 2019-இல்தான் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாயிற்று. தன் மாவட்டத் தலைநகருக்கே ஒரு நாள் கூலியை இழந்து சென்றவன், பெங்களூரிலுள்ள விற்பனையாளனைத் தேடி எங்கே போவான்?

2020 சூலைத் திங்கள் 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. முறையிடுபவர் குடியிருக்கும் இடத்திலோ உழைத்துப் பொருளீட்டும் இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம் என்றது. ஐந்து இலட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பண்டங்களைப் பற்றிய முறையீட்டிற்கு விதிப்படி கட்டணமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாள் முதல் இரண்டாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். மூன்று மாதத்தில், பண்டத்தை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க நேர்ந்தால் ஐந்து மாதத்தில், தீர்க்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். எண்ணத்திற்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தை நீதிமன்றப் படியேறியவர் அறிவர். ரசீது வாசகத்திற்கும் இச்சட்டம் விடை கூறிவிட்டது. குறையுள்ள பண்டத்தைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வாணிக முறை. ரசீதில் காலம் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாளுக்குள் தர வேண்டும். நாரதரின் மூன்று நாள் முப்பது நாளாயிற்று.

அதே திங்களில் மின்வணிக விதிகளும் வந்தன. பண்டம் குறையுடையதாயினும், போலியாயினும், விளம்பரத்தில் கூறிய இயல்பு இல்லாததாயினும், குறித்த நாளுக்குப் பிந்தி வந்ததாயினும் திரும்பப் பெற மறுக்கலாகாது; தவிர்க்க முடியாத பேரிடரால் தாமதம் நேர்ந்தால் மட்டும் விலக்கு. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் முறையீடு கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். "நாங்கள் சந்தைக்கு இடம் கொடுத்தவர்களே, விற்றவர் வேறொருவர்" என்று பெருநிறுவனங்கள் கூறும் வாதமும் சோதனைக்கு உள்ளாயிற்று. 2022 ஆகத்துத் திங்களில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கட்டாய ஐ.எஸ்.ஐ. தரமில்லாத பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க இடமளித்ததற்காக அமேசான் நிறுவனத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. 2,265 குக்கர்களை வாங்கியோருக்குச் செய்தி அறிவித்து, அவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரவும் ஆணையிட்டது. அந்த விற்பனையால் நிறுவனம் ஆறு இலட்சம் ரூபாய்க்குமேல் கட்டணமாகப் பெற்றதை ஆணையம் எடுத்துக்காட்டியது. இலாபத்தில் பங்கு உண்டென்றால் பொறுப்பிலும் பங்கு உண்டு என்பது அதன் வாதம். நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது.

மாணவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். குறையற்ற பண்டத்தை, மனம் மாறிவிட்டது என்னும் காரணத்தால் மட்டும் திருப்பும் பொது உரிமையை நம் சட்டம் தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொலைவிலிருந்து வாங்கிய பெரும்பாலான பண்டங்களுக்குக் காரணம் கூறாமலே பதினான்கு நாளுக்குள் திருப்பும் உரிமை உண்டு. இங்கோ அது கடைக்காரன் தானே முன்வந்து தரும் சலுகை. சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உளர். திருமணத்திற்கு உடுத்திய ஆடையை மறுநாள் திருப்புவோரும், புதிய கருவியை எடுத்துக்கொண்டு பழையதைப் பெட்டியில் வைத்து அனுப்புவோரும் இல்லாமலில்லை. கௌடலீயர் இருசாராருக்கும் பன்னிரண்டு பணம் விதித்தது வீணன்று.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றன. அச்சிற்பி தன் பண்டத்தை இணையத்தில் விற்கத் தொடங்கினால், நேற்று வரை வாங்கியவனாக நின்றவன் இன்று விற்றவனாக நிற்பான். கையால் செதுக்கிய இரு உருவங்கள் ஒன்றுபோல் இரா. "படத்திலிருந்த நிறம் இதுவன்று" என்று தில்லியிலிருந்து ஒருவர் திருப்பி அனுப்புவார். வழியிலே கை ஒடிந்து அது வந்து சேரும். போகும் செலவும் வரும் செலவும் சிற்பியின் தலையில் விழுந்தால், ஒரு மாத உழைப்பு அத்துடன் தீர்ந்தது. பெருநிறுவனத்தை எண்ணி எழுதிய விதி சிறு கைவினைஞனையும் அதே தராசில் நிறுத்துகின்றது. இதனை நான் சட்டத்தின் குறையாகவே கருதுகிறேன்.

இனி மலைக்கு ஏறுவோம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்தனர். நாடு 1947-இல் விடுதலை பெற்ற பிறகும், அங்கே ஜாகீர்தார்களின் பிடி 1976 வரை தளரவில்லை. வரியும் கூலியில்லா உழைப்பும் கொடுத்துப் பழகிய மக்களுக்கு, கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம் என்னும் எண்ணமே புதிது. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து இம்மலை மக்களின் சாலை முதலிய அடிப்படை வசதிகள் குறித்த வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை சரியில்லாத ஊருக்குப் பண்டத்தைத் திரும்ப எடுத்துச் செல்ல யார் வருவார்?

இங்கேதான் முன்பு குறிப்பிட்ட 43-ஆம் பிரிவு நினைவுக்கு வருகின்றது. ஏற்க மறுக்கும் உரிமை உள்ளவன், பண்டத்தை விற்றவனிடம் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்கக் கடமைப்பட்டவன் அல்லன். "ஏற்க மறுக்கிறேன்" என்று அறிவித்தால் போதும் என்கின்றது அது. வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில், தவறாக வந்த பண்டத்தைப் பற்றி விற்றவருக்கு எழுத்தால் அறிவித்துவிட்டு, பெட்டியைப் பரணிலே வைத்துக் காத்திருப்பவன் சட்டப்படி தவறு செய்தவன் ஆகான். 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அவன் அழைக்கலாம். இணையத்தின் வழியே முறையீட்டைப் பதியவும், காணொலி வாயிலாக விசாரணையில் கலந்துகொள்ளவும் சட்டம் வழி செய்திருக்கின்றது. ஆனால், அதே 43-ஆம் பிரிவு "வேறு வகையில் ஒப்பந்தம் இல்லாதவிடத்து" என்று தொடங்குகின்றது. அவன் அந்த வேறு வகைக்கு ஒப்புக்கொண்டானா இல்லையா என்பது, அவன் விரலால் தொட்டு ஒப்பிய நிபந்தனைகளில் இருக்கின்றது. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன.